மஞ்சள் வீடும் மூன்று சன்னல்களும்

உரித்துப் போட்ட சிமென்டைத் திரும்பப் பூசு என்று கட்டளையிடும் நோட்டீஸை என் தொழிலில் ஒரே ஒரு முறைதான் கையில் வாங்கியிருக்கிறேன். 2017 இலையுதிர் காலம். எடின்பரோவில் இருந்த என் அலுவலகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறுநகரத்துக்காரர். ஊரின் பெயர் வேண்டாம். அவர் இன்னும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் அவரோடு மறுபடி பேசத் தொடங்கியதே அண்மையில்தான்.

நோட்டீஸில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, வீட்டு முகப்பில் இருந்த சாம்பல்நிற சிமென்ட் பூச்சை அனுமதியில்லாமல் எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரை போட்டு, மஞ்சள் காவி அடித்தது. இன்னொன்று, மாடியின் மூன்று சன்னல்களில் மரச்சட்டங்களை எடுத்து பிளாஸ்டிக் வைத்தது. முன்னதை அவர் செய்தார். மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். பின்னதை அவர் செய்யவேயில்லை. வீட்டை வாங்கும்போதே அந்தச் சன்னல்கள் பிளாஸ்டிக்தான். இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். மேல்முறையீடு என்றால் நோட்டீஸ் அமலுக்கு வரும் தேதிக்குள் மனு போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாமதத்தை மன்னிக்கும்படி நம் ஊரில் போடுகிற மனுவெல்லாம் இங்கே செல்லாது. தேதி போனால் போனதுதான். சில நாள்களே மிச்சமிருந்தன.

மனுவை அனுப்பிவிட்டுத்தான் வீட்டைப் பார்க்கப் போனேன். ஸ்காட்லாந்தில் இடைக்காலத்தில் சாசனம் பெற்ற வணிக ஊர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு. சந்தை கூடுகிற அளவுக்கு அகலமான ஒரு பெரிய தெரு. அதன் பெயர் பெரும்பாலும் ஹை ஸ்ட்ரீட்தான். நடுவே சந்தைச் சிலுவைத் தூண். ஓரத்தில் டோல்பூத் என்னும் கட்டடம். வரி வசூல், மன்றக் கூட்டம், சிறை எல்லாம் ஒரு காலத்தில் அதற்குள்ளேயே நடந்தன. வீடுகள் தெருவுக்குக் குறுகலான முகத்தைக் காட்டி, பின்பக்கம் நீளமான மனையாக ஓடும். இரண்டு வீடுகளுக்கு இடையே ஓர் ஆள் குனிந்து நுழையும்படி சந்து. படிக்கட்டைப் போல ஏறியிறங்கும் மோட்டுச் சுவர், மேலே நெதர்லாந்துப் பக்கமிருந்து கப்பலில் வந்து பழகிப்போன சிவப்பு வளை ஓடு. வாசல்களின் மேற்கல்லில் ஓர் ஆண்டும் நான்கு எழுத்துகளும் வெட்டியிருப்பார்கள். இரண்டு எழுத்து கணவனுடையது, இரண்டு மனைவியுடையது. மனைவியின் எழுத்துகளில் ஒன்று அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருக்குரியது. ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சட்டப்படி அந்தப் பெயரிலேயே இருந்தார்கள். என் கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு கல் உண்டு. ஆனால் அந்தத் தெருவில் யாருடைய கண்ணும் கல்லுக்குப் போகவில்லை. இரு பக்கமும் வெள்ளையும் சாம்பலுமாக நிற்கிற வரிசையில் அவர் வீடு மட்டும் பழுத்த நிறத்தில் நின்றது. நல்ல மஞ்சள். மேகம் மூடிய பகலில்கூட அந்த இடத்தில் மட்டும் வெயில் விழுந்தாற்போல் இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது, ஆனால் வக்கீலுக்குப் பிடிப்பது வாதமாகாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் பட்டியலில் ஏறிய கட்டடங்கள் சுமார் 47,000. பட்டியல் முறைக்கு வேர் 1947 நகரமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. இப்போது நடப்பிலிருப்பது 1997 சட்டம். பட்டியலைப் பராமரிப்பது 2015 அக்டோபரிலிருந்து ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு. ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. தரம் எதுவானாலும் கட்டடத்தின் சிறப்புத் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன்அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது வெறும் விதிமீறல் அல்ல, கிரிமினல் குற்றம். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. என் கட்சிக்காரரின் வீடு பி தரம்.

ஜனங்கள் தடுக்கி விழுகிற இடம் பட்டியலில் இருக்கும் குறிப்பு. தந்தி வாசகம் போல இரண்டு வரி இருக்கும்: மாடி வீடு, மூன்று சன்னல் வரிசை, பூச்சுச் சுவர், ஓட்டுக் கூரை, 18ஆம் நூற்றாண்டு. அதில் எழுதியிருப்பது மட்டும்தான் பாதுகாக்கப்பட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். அப்படியில்லை. குறிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லாத உள்சுவர், படிக்கட்டு, கணப்படுப்பு, கதவு எல்லாமே அடங்கும். அந்தக் குறிப்பில் “பூச்சுச் சுவர்” என்றுதானே இருக்கிறது, பூச்சு இப்போதும் இருக்கிறதே என்று என் கட்சிக்காரர் முதல் சந்திப்பிலேயே விரலால் தட்டிக் காட்டினார். எஞ்சினியர்களுக்கு ஆவணம் ஒரு வரைபடம். கோட்டுக்குள் இருந்தால் சரி.

அவர் ஏன் சிமென்டை எடுத்தார் என்பதற்கு நல்ல காரணம் இருந்தது. பழைய சுவர் இரண்டடி கனம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்பும். அந்தச் சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், காற்றடித்தால் வெளியே விடும். அதற்குத்தான் அந்தக் காலத்தில் ஹார்லிங் போட்டார்கள்: சுண்ணாம்பும் கூழாங்கல்லும் மணலும் கலந்த குழம்பைக் கரண்டியால் சுவரில் வீசி அடிப்பது. தேய்த்து மழமழப்பாக்கக் கூடாது. சொரசொரப்பாக இருந்தால்தான் பரப்பு கூடும், ஈரம் வேகமாக உலரும். மேலே சில வருஷங்களுக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிப்பார்கள். 1970களில் வந்தது வீட்டுச் சீரமைப்பு மானியம். ஈரம் போக்கவும் குளியலறை கட்டவும் அரசு பணம் கொடுத்த காலம். வீட்டுக்கு வீடு பழைய ஹார்லிங்கை உதிர்த்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் வெளியிலிருந்து நனையாது, உண்மை. ஆனால் அது விறைப்பான பொருள். கல் சுவர் லேசாக அசைந்தால் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியே உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. நாற்பது வருஷத்தில் மாடி உத்தரங்களின் முனை, சுவருக்குள் இருக்கும் பகுதி, பஞ்சுபோல் ஆகிவிட்டது. படுக்கையறைச் சுவரில் காகிதம் தானாகவே சுருண்டு விழுந்தது.

அந்த சிமென்டுக்கு மானியம் கொடுத்தது யார் என்று கேட்டீர்களானால், அப்போதிருந்த மாவட்ட மன்றம். 1996ல் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி முழுவதையும் 32 மன்றங்களாக மாற்றியபோது அதன் பொறுப்புகள் போய்ச் சேர்ந்த இடம்தான் எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிய மன்றம். மானியக் கடிதத்தின் நகல் வீட்டுப் பத்திரங்களோடு இருந்தது. அதை மனுவோடு இணைத்தேன். அது சட்டப்படி எதையும் நிரூபிக்காது என்பது எனக்கும் தெரியும், எதிர்த்தரப்புக்கும் தெரியும். ஆனாலும் படிக்கிறவர் படிக்கட்டும் என்று வைத்தேன்.

“நான் எதையும் மாற்றவில்லை. இருந்ததை இருந்தபடி வைத்தேன். இதற்கு எதற்கு அனுமதி?” என்பது அவருடைய நிலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் மீட்டெடுப்பதும் மாற்றம்தான். கட்டடம் பட்டியலில் ஏறிய நாளில் எப்படி இருந்ததோ, இன்று எப்படி இருக்கிறதோ, அதிலிருந்துதான் கணக்கு. உடைந்த ஓட்டுக்கு அதே மாதிரி ஓடு வைத்தால் அது பழுதுபார்ப்பு, அனுமதி வேண்டாம். சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பு, சாம்பலுக்குப் பதில் மஞ்சள் என்றால் கேட்டாக வேண்டும். அப்போது அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு விண்ணப்பம், சில படங்கள், இரண்டு மாதக் காத்திருப்பு, அவ்வளவுதான். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்க யாரைக் கேட்பது என்று அவர் சிரித்தார். சில ஆண்டுகள் கழித்து எடின்பரோ நியூ டவுனில் ஒரு பெண்மணி வாசல் கதவுக்கு இளஞ்சிவப்பு அடித்து, மன்றத்தோடு மல்லுக்கட்டி, உலகச் செய்தியானார். அந்தச் செய்தி வந்த அன்று என் கட்சிக்காரர் அதை எனக்கு அனுப்பி, “கூட்டாளி கிடைத்தாள்” என்று எழுதியிருந்தார்.

முதலில் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது மனுவின் அடிப்படை. இந்தச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்குக் காரணங்கள் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். சட்டமீறலே நடக்கவில்லை என்று சொல்லலாம். நடந்தது, ஆனால் அனுமதி கொடுத்திருக்க வேண்டிய வேலைதான் என்று சொல்லலாம். கேட்கப்பட்ட பரிகாரம் கட்டடத்தின் தன்மையை மீட்க உதவாது என்று சொல்லலாம். கட்சிக்காரருக்கு முதல் வழிதான் பிடித்திருந்தது. தான் குற்றவாளி இல்லை என்று ஒரு காகிதம் வேண்டும் அவருக்கு. ஆனால் மீறல் இல்லை என்று வாதிட்டால், நாங்கள் செய்த வேலை கட்டடத்தின் தன்மையைத் தொடவே இல்லை என்று சொல்லியாக வேண்டும். அடுத்த பக்கத்திலேயே, இந்த வேலையால் கட்டடத்தின் தன்மை மீண்டு வந்தது என்று எழுதப் போகிறோம். ஒரே மனுவில் இரண்டையும் வைக்கலாம், வைக்கிறவர்களும் உண்டு. நான் வைக்கவில்லை. மீறலை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டேன். அவருக்கு என்மேல் ஒரு வாரம் கோபம்.

எங்களுக்குக் கைகொடுத்தது மூன்றாவது காரணம். நோட்டீஸ் விடும்போது மன்றத்துக்குச் சட்டம் மூன்று வழி தருகிறது. கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். அது நடைமுறையில் முடியாது அல்லது விரும்பத்தக்கதல்ல என்றால், சேதத்தைக் குறைக்கும் வேலைகளைச் செய்யச் சொல்லலாம். அனுமதி வாங்கியிருந்து அதன் நிபந்தனையை மீறியிருந்தால், அந்த நிபந்தனைப்படி செய்யச் சொல்லலாம். மன்றம் முதல் வழியை எடுத்து, “முன்பிருந்த சாம்பல்நிற சிமென்ட் பூச்சை மீண்டும் அமைக்க வேண்டும்” என்று எழுதிவிட்டது. வழக்கமான வார்ப்பில் வந்த வாசகம் என்றே நினைக்கிறேன். எந்த அதிகாரியும் உட்கார்ந்து யோசித்து ஒரு பழைய கல் சுவரில் சிமென்ட் பூசச் சொல்லமாட்டார். ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல்களே பழைய சுவருக்குச் சுண்ணாம்பைத்தான் சொல்கின்றன. அந்தப் பக்கங்களை நகலெடுத்து, நோட்டீஸின் வாசகத்துக்கு எதிரே வைத்து, மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

மன்றத்தின் தரப்பில் எழுதியவர் ஓர் இளம் பாதுகாப்பு அதிகாரி. அவர் கெட்டிக்காரர், எங்கள் கையில் இருக்கும் பலத்தை உடனே கண்டுகொண்டார். சுண்ணாம்பைப் பற்றிச் சண்டை போடாமல் நிறத்துக்கு நகர்ந்தார். இந்தத் தெரு முழுவதும் பாதுகாப்புப் பகுதி. ஒரு வீட்டின் அழகு தனியாக இல்லை, வரிசையில் இருக்கிறது. சுண்ணாம்பை வெள்ளையாக அடித்திருந்தால் நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். மஞ்சளுக்கு என்ன ஆதாரம்?

நியாயமான கேள்விதான். ஆதாரம் தேடினோம்.

ஸ்காட்லாந்தில் மஞ்சள் சுண்ணாம்பு புதிதல்ல. குல்ராஸ் நகரத்து அரண்மனை என்று பெயர்பெற்ற வணிகர் மாளிகை காவி மஞ்சளில்தான் நிற்கிறது. 1932ல் நேஷனல் டிரஸ்ட் அதை 700 பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றியது. ஸ்டர்லிங் கோட்டையின் பெருமண்டபத்தைப் புதுப்பித்து 1999ல் திறந்தபோது, பழைய பூச்சின் சுவடு ஒன்றை வைத்து அதே மஞ்சளை அடித்தார்கள். பல மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் தெரிகிற நிறம். ஊர் இரண்டுபட்டது. காவி மண்ணைக் கலப்பது ஒரு முறை; இரும்பு சல்ஃபேட் உப்பைக் கலப்பது இன்னொரு முறை. பச்சையாகப் போகும் அந்த உப்பு, சுண்ணாம்போடு சேர்ந்து காற்றுப்பட்டதும் மஞ்சளாக மாறும். ஆனால் அரண்மனையும் கோட்டையும் எங்களுக்குச் சாட்சி சொல்லாது. கடலோரச் சிறுநகரத்து வியாபாரி வீட்டுக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

என் கட்சிக்காரர் பெரிய உற்சாகத்தோடு ஒரு தபால் அட்டை கொண்டுவந்தார். டண்டீ நகரத்து வேலன்டைன் கம்பெனி அச்சிட்டது, நூறு வருஷத்துக்கு முந்தைய ஹை ஸ்ட்ரீட், கையால் வண்ணம் தீட்டியது. அதில் அவர் வீடு மஞ்சளாக இருந்தது. “இதோ!” என்றார். அதே அட்டையில் எதிர்வரிசையில் ஒரு வீடு ரோஜா நிறத்திலும், வடகடல் மத்தியதரைக் கடலின் நீலத்திலும் இருந்தன. இருந்தாலும் இணைத்தேன். மன்றத்தின் பதில் இரண்டே வாக்கியம்: இந்த அட்டைகளுக்கு டண்டீயில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியவர்கள் கறுப்புவெள்ளைப் படத்தை மட்டுமே பார்த்தவர்கள், அவர்களுக்குக் கையில் கிடைத்த வண்ணம்தான் வீட்டு நிறம். அதைப் படித்தபோது நானே சிரித்துவிட்டேன். எதிர்த்தரப்பு எழுதியவற்றில் மிகச் சிறந்த வரி அது.

உண்மையான ஆதாரம் கீழ்த்தளத்தில் மாட்டியிருந்த ஒரு பலகைக்குப் பின்னால் இருந்தது. அந்த வீட்டின் கீழ்ப்பகுதி விக்டோரியா காலத்தில் கடையாக இருந்திருக்கிறது. கடைப்பெயர் எழுதும் நீளமான மரப்பலகை இன்னும் முகப்பில் இருந்தது, பெயர் இல்லாமல். மேலே சிமென்ட் பூசியவர்கள் அதைக் கழற்றச் சோம்பல்பட்டு, சுற்றிப் பூசிவிட்டார்கள். பலகையின் ஒரு முனை அழுகியிருந்ததால் தச்சர் அதைச் சற்று நெம்பிப் பார்த்தபோது, பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய ஹார்லிங் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. இந்த முறை எழுத்தில் அனுமதி வாங்கி, சுண்ணாம்பு வேலையில் தேர்ந்த ஒரு நிபுணரை அழைத்து, மன்ற அதிகாரியையும் பக்கத்தில் நிறுத்தி, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு எடுத்தோம். அந்தச் சில்லை அவர் பிசினில் அமிழ்த்தி, வெட்டி, தேய்த்து, லென்ஸ் வழியே எங்களுக்குக் காட்டினார். முதலில் கடற்கரை மணலும் ஒரு சிப்பித் துண்டும் தெரியும் காரை. அதன்மேல் ஏழு மெல்லிய வரிகள். அடியில் இரண்டு வெள்ளை. பிறகு ஒரு மங்கலான பழுப்பு. அதற்குமேல் மூன்று வரி மஞ்சள், ஒன்றைவிட ஒன்று சற்று அடர்த்தி. எல்லாவற்றுக்கும் மேலே பலகையை அடிப்பதற்கு முன் கடைசியாக அடித்த ஒரு வெள்ளை.

கட்சிக்காரர் தோளை நிமிர்த்தினார். அதிகாரி லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, “முதலிலும் வெள்ளை, கடைசியிலும் வெள்ளை” என்றார்.

இங்கேதான் வழக்கு எனக்கு ருசியாக மாறியது. ஏழில் எது அந்த வீடு? கட்டியவன் அடித்ததா, பேரன் அடித்ததா, கடைக்காரன் கடைசியாக அடித்ததா? பட்டியலில் ஏறியபோது இருந்த சாம்பல் சிமென்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றால், அதை இருவருமே விரும்பவில்லை. பழமை என்று ஒரே ஒரு தேதியைச் சுவரில் ஆணி அடித்து மாட்ட முடியாது என்று எழுதினேன். அதோடு நிறுத்தினால் மன்றத்துக்கும் அதே வாதம் உதவும்: எதுவும் சரி என்றால் வெள்ளையும் சரிதானே. ஆகவே ஏழில் எது உண்மை என்ற கேள்வியையே கைவிட்டு வேறு கேள்வி கேட்டேன். மூன்று தலைமுறை மஞ்சள் அடித்த சுவரில் மஞ்சள் அடிப்பது கட்டடத்துக்குக் கெடுதலா? சட்டம் கேட்கச் சொல்வது அதைத்தான்: கட்டடத்தையும் அதன் சிறப்பு அம்சங்களையும் பாதுகாப்பது விரும்பத்தக்கது என்பதில் தனிக்கவனம் வைக்க வேண்டும். எது மிகப் பழையது என்று போட்டி வைக்கச் சொல்லவில்லை.

மேல்முறையீட்டை விசாரிப்பவருக்கு இங்கே ரிப்போர்ட்டர் என்று பெயர். ஸ்காட்லாந்து அமைச்சர்கள் நியமிக்கும் தீர்ப்பாளர் அவர். பெரும்பாலும் திட்டமிடல் அல்லது கட்டடக்கலை படித்தவராக இருப்பார். எல்லாம் எழுத்திலேயே நடக்கும். பிறகு ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். அப்போது இரு தரப்பும் கூட நிற்கலாம், ஆனால் வழக்கைப் பேசக் கூடாது. இதைப் பாருங்கள் என்று ஒன்றைச் சுட்டலாம், அவ்வளவுதான். வாயைத் திறந்தே சம்பாதிக்கிறவர்களுக்கு அது கடுமையான தண்டனை. பிப்ரவரி மாதம், பக்கவாட்டில் அடிக்கிற மழை. ரிப்போர்ட்டர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு முறை நடந்தார். எதிர்ச்சந்தின் வாயில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரில், அது இன்னும் சிமென்ட், கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தார். அதேபோல எங்கள் சுவரிலும் வைத்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மாடிக்குப் போய் மூன்று பிளாஸ்டிக் சன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். அதில் ஒன்று வெளிப்புறமாகச் சாய்ந்து தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. என் கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தச் சன்னல்களைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லாததற்குக் காரணம், சொல்ல அதிகம் இல்லை. சாதாரணத் திட்டமிடல் விதியை மீறிக் கட்டினால், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் மன்றம் நடவடிக்கை எடுக்க முடியாது. பட்டியல் கட்டடத்துக்கு அந்தக் காலவரம்பு கிடையாது. பத்து வருஷமானாலும் முப்பது வருஷமானாலும் நோட்டீஸ் வரும், வருவது இன்றைய உரிமையாளருக்கு. முந்தின சொந்தக்காரர் செய்த பாவம் பத்திரத்தோடு கைமாறும். அனுமதியின்றி வேலை நடத்திய குற்றத்துக்கு என் கட்சிக்காரரைத் தண்டிக்க முடியாது, அவர் செய்யவில்லையே. ஆனால் சரிசெய்யும் பொறுப்பு அவர் தலையில். விற்றவரிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். விற்பனை ஒப்பந்தத்தின்படி அது பற்றிய உரிமைகோரலுக்கு இருந்த இரண்டு வருஷக் கெடு முன்பே முடிந்திருந்தது. இப்படிப்பட்ட ஒரு வீட்டை வாங்கும்போது தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, எந்தச் சன்னல் மற்றதுபோல் இல்லை என்று கேட்டாலே போதும். வாங்குகிறவரின் வக்கீல் மேசையைவிட்டு எழுந்து போவது அபூர்வம். அந்த வக்கீல் நான் இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

தீர்ப்பு வசந்தத்தில் வந்தது. சுவர் விஷயத்தில் நோட்டீஸ் ரத்து. சுண்ணாம்புக் காரைக்கும் மஞ்சளுக்கும் அனுமதி. சிமென்டைத் திரும்பப் பூசுவது கட்டடத்தின் தன்மையை மீட்காது, அதன் உடலைக் கெடுக்கும் என்பது ரிப்போர்ட்டரின் முடிவு. நிறத்தைப் பற்றி அவர் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே எழுதியிருந்தார். அந்தச் சுவரில் மஞ்சள் இருந்ததற்கு நேரடிச் சான்று உண்டு, தெருவின் வரிசை அதைத் தாங்கும், அவ்வளவுதான். தபால் அட்டைக்கு எந்த மதிப்பும் தரவில்லை என்று ஒரு வரி. அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது நிற மாதிரியை மன்றத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. சுண்ணாம்பு மழையில் கரைகிற பொருள், சில வருஷத்துக்கு ஒரு முறை அடித்தாக வேண்டும். ஆக, அவர் மன்றத்தோடு வாழ்நாள் முழுவதும் நிறம் பேச வேண்டியதாயிற்று.

சன்னல் விஷயத்தில் தோற்றோம். நோட்டீஸ் நின்றது. ஆனால் அவகாசம் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு ஆனது. மேலும் கீழும் நகரும் மரச் சன்னல்தான் வேண்டும்; அதில் மெல்லிய இரட்டைக் கண்ணாடி பொருத்திக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட்டர் வாசகத்தைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தைத்தான் இந்த வழக்கில் நான் செய்த உருப்படியான வேலை என்று நினைக்கிறேன். ஒற்றைக் கண்ணாடி போட்டிருந்தால் வடகடல் காற்றில் அந்த மாடியில் தூங்க முடியாது.

செலவு கேட்டு அவர் திடுக்கிட்டார். தச்சர் கையால் செய்யும் மூன்று சன்னல், கயிறும் உள்ளே தொங்கும் எடைக்கட்டிகளுமாக, முகப்பு முழுவதும் காரை போட்ட செலவைத் தாண்டியது. அதற்குமேல் 20 சதவீத வாட் வரி. 2012 அக்டோபருக்கு முன்பு வரை, பட்டியல் கட்டடத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றத்துக்கு வாட் கிடையாது. பழுதுபார்ப்புக்கு மட்டும் முழு வரி. பழசை மாற்றினால் சலுகை, பழசைக் காப்பாற்றினால் வரி என்ற அந்தக் கோணல் கணக்கைச் சரிசெய்கிறோம் என்று கருவூலம் கிளம்பி, மாற்றத்துக்கும் வரி போட்டுச் சமன் செய்தது. புறநகரில் வயலை அழித்துப் புது வீடு கட்டினால் இன்றும் பூஜ்யம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்சிக்காரரைவிட எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும்.

அவர் வற்புறுத்தியதால் மன்றத்திடம் வழக்குச் செலவு கேட்டு மனுப் போட்டேன். ஸ்காட்லாந்தில் இந்த மேல்முறையீடுகளில் தோற்றவர் செலவு கொடுப்பது வழக்கமில்லை; எதிர்த்தரப்பு நியாயமற்று நடந்திருந்தால் மட்டும் கிடைக்கும். சிமென்ட் பூசச் சொன்னது நியாயமா என்றேன். ரிப்போர்ட்டர் மறுத்துவிட்டார். கேட்காமல் வேலை தொடங்கியவர் மேல் நடவடிக்கை எடுத்ததற்காக மன்றத்தைக் குறைசொல்ல முடியாது என்பது அவர் காரணம். எனக்கும் அது சரியென்றே பட்டது. கட்சிக்காரரிடம் அப்படிச் சொல்லவில்லை.

சன்னல்கள் மாட்டி முடித்து, அதிகாரி வந்து பார்த்து, கோப்பு மூடப்பட்டது. அடுத்த கோடையில் எதிர்வரிசை வீட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டு சிமென்டை எடுத்துச் சுண்ணாம்புக் காரை போட முறைப்படி விண்ணப்பித்தார். இரண்டு மாதத்தில் அனுமதி கிடைக்கும் போலிருந்தது. அவர் கேட்டிருந்த நிறம் வெள்ளை. ஆட்சேபக் கடிதம் எழுதட்டுமா என்று என் கட்சிக்காரர் போன் செய்தார். வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார்.